நெடுங்கரட்டுக்கு வந்த டெஸ்ட் ஆட்கள்

டெஸ்ட் டேட்டாவை அழிக்காமலே சேவையை லைவ் விட்டுவிட்டார்கள். நடந்த தப்பு இதுதான். வேறொன்றுமில்லை.

நெடுங்கரட்டில் சித்திரை பிறந்தால் குழாயில் காற்று வரும், தண்ணீர் வண்டியில் வரும். எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்பதை அதுவரை டிரைவர் மயில்சாமியின் மனசாட்சியும் தெருக்காரர்களின் தொண்டையும் தீர்மானித்துக்கொண்டிருக்க, அந்த வருஷம் நகராட்சி, போனில் அமுக்கினால் வண்டி வருகிற மாதிரி ஒரு சேவை வேண்டும் என்று, மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தது. மூன்று பேர் எழுதினார்கள். எழுதியதை உடைத்துப் பார்ப்பது கோகிலவாணியின் வேலை. நாற்பத்தொரு வயது, கம்பெனியில் அவளைவிட மூத்தவர் யாருமில்லை, அவள் பேசினால் யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் அவள் பேசினால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

உடைத்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். மூன்று வாரத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைத் தட்டி உண்டாக்கினாள். வயசுக் கட்டத்தில் எவ்வளவு போட்டால் சேவை ஏற்காது என்று பார்க்க ஒருவருக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது வயது போட்டாள், சேவை ஏற்றுக்கொண்டது. ஒருத்திக்கு இருநூறு எழுத்தில் பெயர். ஒரு குடும்பத்துக்குக் கதவு எண் மைனஸ் நாலு. ஒருவர் நிமிஷத்துக்கு ஐநூறு தடவை அமுக்குகிற அவசரக்காரர். ஒருவர் பெயர் ‘ஜஜஜ’, கீபோர்டைத் துணியால் துடைக்கும்போது விழுந்தது. ஒருத்திக்குப் பெயரே இல்லை; கட்டம் காலியாக இருந்தால் சேவை திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பவில்லை, உள்ளே விட்டுவிட்டது. எல்லோருக்கும் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. எல்லோருக்கும் போன் நம்பர், ஒன்பதைப் பத்துத் தடவை அமுக்கியது. எல்லோருக்கும் விலாசம், டெஸ்ட் தெரு.

சனிக்கிழமை இவர்களை அழிக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். கம்பெனி முதலாளி வேறெதையும் பார்க்கவில்லை, கற்பூரம் காட்டிச் சேவையைத் திறந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை மயில்சாமிக்கு வந்த பட்டியலில், கரட்டு அடிவாரம், டெஸ்ட் தெரு, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் என்று இருந்தது. அங்கே வேலிக்காத்தானும் ஓணானும்தான் உண்டு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும், போனில் எழுதியவனை நேரில் பிடித்துத் திட்டுவதற்காவது போவோம் என்று வண்டியை விட்டார். அங்கே அவர்கள் நின்றிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக, கையில் குடத்தோடு, வரிசையாக, யாரும் யாரையும் தள்ளாமல். தள்ளாமல் நின்றதுதான் மயில்சாமியைப் பயமுறுத்தியது.

“எந்த ஊருங்க நீங்க?”

“இதே ஊருதானுங்க” என்றார் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வயதுக்காரர்.

“எப்ப வந்தீங்க?”

“வெள்ளிக்கெழம. ஒம்பதேகாலுக்கு.”

மயில்சாமி ஹோஸை எடுத்துப் போட்டார். வேறென்ன செய்வது? வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

புதன்கிழமைக்குள் அடிவாரத்தில் ஒரு தெரு இருந்தது. யார் கட்டியது என்று நகராட்சி கேட்டது, பதில் வரவில்லை, வரி போட்டுவிட்டு அடுத்த ஃபைலைப் பிரித்தது. மைனஸ் நாலாம் நம்பர் வீட்டுக்கு, ஒன்றாம் நம்பர் வீட்டைத் தாண்டிப் பின்னால் நடந்து, படி இறங்கிப் போக வேண்டும். தபால்காரர் இரண்டு நாள் முனகினார், மூன்றாம் நாள் பழகிக்கொண்டார். அவர்களில் ஒருவருக்குப் போன் பண்ணினால் முன்னூற்றுப் பன்னிரண்டு போனும் அடிக்கும், எல்லோரும் எடுத்து மரியாதையாகச் சொல்லுங்க என்பார்கள். பால்காரருக்கு அது சௌகரியமாக இருந்தது, நாளைக்குப் பால் இல்லை என்று ஒரே தடவை சொன்னால் போதும். கட்டில் கடைக்காரர் புதுக் கட்டிலில் ஏறிக் குதிக்க அவர்களில் நாலு பேரை வேலைக்கு வைத்தார். தறிக்காரர்கள் சேலையை இழுத்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பலகாரக் கடையில் முறுக்குப் பதம் பார்க்க நூற்றுத் தொண்ணூற்றொன்பது வயதுக்காரரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், அவர் மென்றுவிட்டால் ஊரே மெல்லலாம். இருநூறு எழுத்துக்காரியைச் சாப்பிடக் கூப்பிட்டால் பெயர் முடிவதற்குள் சோறு ஆறிவிடும். அதனால் அவளை மட்டும் முன்னாலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். மாரியம்மன் திருவிழா சாட்டியபோது கோயில்காரர்கள் டெஸ்ட் தெருவுக்கும் தீர்த்தக்குடம் எண்ணி அனுப்பினார்கள். தீர்த்தக்குடம் எடுத்தவர்களை வெளியூர் என்று சொல்ல நெடுங்கரட்டில் யாருக்கும் வாய் வராது.

பெயர் இல்லாதவளைத்தான் கூப்பிட முடியவில்லை. முப்பது வயது இருக்கும், பச்சைச் சேலை, நேராகப் பார்க்கிற கண். வரிசையில் அவள் முறை வந்தால் எதைச் சொல்லி அழைப்பது? அவள் பாத்திரக் கடைக்குப் போய், இடுப்பு ஒடுங்கிய ஒரு பழைய பித்தளைக் குடத்தை வாங்கி வந்து வரிசையில் வைத்தாள். குடம் வந்தால் அவள் வந்த மாதிரி. அதொன்றும் அவள் கண்டுபிடித்ததல்ல. நெடுங்கரட்டில் காலங்காலமாக வரிசையில் நிற்பது ஆள் அல்ல, குடம்தான். குடத்தை வைத்துவிட்டுப் போய் உலை வைக்கலாம், தறி ஓட்டலாம், சண்டை போடலாம், திரும்பி வந்தால் இடம் அப்படியே இருக்கும். கல்லுக்குழித் தெரு வரிசைக்குத் தலைவி மாதிரி இருந்த பழனாத்தாளின் சட்டம் அது: வீட்டுக்கு ஒரு குடம், ஆள் எத்தனை வந்து கத்தினாலும் குடம் ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பழனாத்தாளேதான் ஒரு நாள் மாடி ஏறி வந்து கோகிலவாணியின் மேசைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏனம்மிணி, நீ முன்னூறு பேரைப் பெத்து உட்டுப்போட்டு ஃபேனுக்கு அடியில உக்காந்துக்குவே, தண்ணி நாங்க ஊத்தோணுமா?”

“பத்துக் கொடத்துக்கு ஒரு கொடம்தானுங்கக்கா கொறையுது.”

“அந்த ஒரு கொடத்துலதான் நான் மொகம் கழுவறது. இப்பப் பாரு என்ற மொகத்த.”

கோகிலவாணி பார்த்தாள். பழனாத்தாள் சொன்னது நியாயம்தான். கோகிலவாணிக்குத் தூக்கம் போனது அன்றிலிருந்துதான்.

அந்த வாரம் சென்னையிலிருந்து சுதர்சனம் வந்தார். மாவட்டத்தில் பதினொரு ஊருக்கும் இதே சேவையைத் திறப்பது என்று மேலே முடிவாகிவிட்டது, அதற்கு முன் சேவை தயாரா என்று பார்க்க அவரை அனுப்பியிருந்தார்கள். கையில் முப்பத்தொரு வரிப் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம், டிக் போட. முதல் வரி: வீடு, பிறந்த தேதி, பெயர் சரிபார்க்க முடியாத என்ட்ரிகளை அழிக்கவும்.

“யார் இந்த ஜஜஜ?” என்று கேட்டார்.

“அவரு டீக்கடையில இருக்காருங்க” என்றாள் கோகிலவாணி.

சுதர்சனம் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழித்தார்.

எதிரே டீக்கடையில் ஜஜண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார், ஊரில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஜன்னல் வழியே கோகிலவாணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இல்லை. டம்ளர் மட்டும் அவர் வாய் இருந்த உயரத்தில், பாதி டீயோடு, நின்றது. விழவில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், பிறகு கை நீட்டி எடுத்து, கழுவாமல், மேல் தட்டில் வைத்தார். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

“பேக்கப்ல இருந்து திருப்பிக் கொண்டாங்க” என்றாள் கோகிலவாணி.

“பேக்கப் எடுக்கலையே. அது பட்டியலில் பன்னிரண்டாவது.”

“பேக்கப் எடுத்துப்போட்டுத்தானுங்க அழிப்பாங்க! ஊருக்கெல்லாம் பட்டியல் தூக்கிட்டு வரீங்க, வரிசை தெரியாதுங்களா?”

சுதர்சனம் சாப்பிடப் போன அந்த மதியம் முழுக்க அவள் கீபோர்டைத் துணியால் துடைத்தாள். மறுபடி மறுபடி துடைத்தாள். எது எதுவோ விழுந்தது, ஆட்கள் யாரும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அழிக்கிற உரிமைக்கான பாஸ்வேர்டை மாற்றினாள்.

“பாஸ்வேர்ட் சொல்லுங்க” என்றார் சுதர்சனம்.

“சொல்ல மாட்டனுங்க.”

“வேலை போயிடும்.”

“போகட்டுமுங்க. பாஸ்வேர்டும் என்கூடவே வந்துரும்.”

முதலாளி இடையில் புகுந்து இருவருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். யாரும் குடிக்கவில்லை. கோகிலவாணி பட்டியலைத் தன் பக்கம் இழுத்து ஏழாவது வரியில் விரலை வைத்தாள்: ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டால் சேவை தாங்குமா என்று பார்க்கவும். “இதுக்கு ஆளுங்க எங்கிருந்து புடிப்பீங்க? உடைக்கத் தெரிஞ்ச ஆளுங்க இந்த ஊர்ல முன்னூத்திப் பதினொரு பேரு இருக்காங்க. நேத்து வரைக்கும் முன்னூத்திப் பன்னெண்டு.”

சுதர்சனம் யோசித்தார். கெட்டவர் இல்லை, பட்டியல்காரர், அவ்வளவுதான். “சரி. ரெண்டாவது முதல் முப்பத்தொண்ணு வரை முடியட்டும். முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் வரி. அதுல மாற்றமில்லை.”

டெஸ்ட் தெருவுக்குப் போய் கோகிலவாணி மறைக்காமல் சொன்னாள். சேவை உருப்பட நீங்கள் உதவ வேண்டும், உருப்பட்டதும் உங்களை அழிப்பார்கள், நான் விட மாட்டேன், ஆனால் என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது. மைனஸ் நாலாம் நம்பர் வீட்டுக்காரர்கள் படியேறி வந்து நின்று கேட்டார்கள். பெயர் இல்லாதவள்தான் பேசினாள்.

“ஒடைக்கறதுக்குத்தானுங்க வந்தோம். ஒடைச்சுக் காட்டுவோம். அழிக்கறவீக அப்பறம் அழிச்சுப் பாக்கட்டும்.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒட்டுக்கா, ஒரே நேரத்தில், அமுக்கினார்கள். சேவை ஒரு மூச்சு இழுத்தது. பதில் வரத் தாமதமானது. பதில் வராவிட்டால் நெடுங்கரட்டில் யாரும் காத்திருக்க மாட்டார்கள், மறுபடி அமுக்குவார்கள். அதிலும் வராவிட்டால் திருப்பூரில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டு, ‘அங்கிருந்து கொஞ்சம் அமுக்கிப் பாரு’ என்பார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்களும் சும்மா இருப்பானேன் என்று அமுக்கினார்கள். அவசரக்காரர் ஐநூறைத் தாண்டி எண்ணிக்கை இல்லாமல் அமுக்கினார். சேவையோ ஒவ்வொரு அமுக்கலையும் ஒவ்வொரு புது வீடு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டியை அனுப்பி, நாலாவது நிமிஷம் கண்ணை மூடியது. அடிவாரத்தில் மைனஸ் நாலாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் பதினேழு வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. மயில்சாமி வண்டி மேல் ஏறி நின்று, அமுக்கியவர்களின் ஏழு தலைமுறையை விசாரித்தார்.

“பெரிய சர்வர் வாங்கினா சரியாகும்” என்றார் சுதர்சனம்.

“பெரிசு வாங்குனா பெரிய சத்தத்தோட விழுமுங்க” என்றாள் கோகிலவாணி. ஆனால் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆறு வருஷம் உடைத்துப் பார்த்தவள், கட்டிப் பார்த்ததில்லை. மூன்று பேர் எழுதினார்கள், அழித்தார்கள், எழுதினார்கள். மணி பன்னிரண்டு ஆனது.

அப்போது படியில் பித்தளை இடிக்கும் சத்தம் கேட்டது. பெயர் இல்லாதவள் குடத்தோடு ஏறி வந்தாள். வந்து, மேசையில் இருந்த லேப்டாப்பை ஓரமாகத் தள்ளி, அந்த இடத்தில் குடத்தை வைத்தாள்.

“அமுக்குனத எண்ணாதீங்க. கொடத்த எண்ணுங்க.”

எழுதிக்கொண்டிருந்த மூன்று பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்கள்.

“வரிசையில என்ற கொடம் ஒண்ணுதானுங்க. நான் பத்துத் தடவ வந்து எட்டிப் பாத்தாப் பத்துக் கொடம் ஆயிருமா? என்ற பக்கத்து வீட்டுக்காரி வந்து பாத்தாப் பதினொண்ணு ஆயிருமா? வீட்டுக்கு ஒண்ணு வெய்யுங்க. மறுபடி அமுக்குறவன் அந்தக் கொடத்தத் தொட்டுப் பாத்துட்டுப் போகட்டும். உங்களுக்குத் தெரியலீன்னாப் பழனாத்தாளக்காவக் கேளுங்க.”

கோகிலவாணி எழுந்து நின்றாள். இவ்வளவு நாளும் ஜன்னலுக்கு வெளியே, தெருவில், கண்ணெதிரே வரிசையாக இருந்தது அது. சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. உட்கார்ந்து எழுதினார்கள்: வீட்டுக்கு ஒரு குடம், முதல் தடவை அமுக்கினால் குடம் வரிசையில் வைக்கப்படும், அப்புறம் எத்தனை அமுக்கினாலும், அவசரக்காரர் அமுக்கினாலும், திருப்பூர் மச்சான் அமுக்கினாலும், அதே குடம், அதே இடம். மூன்று மணிக்கு மறுபடி ஆரம்பித்தார்கள். முதலில், இருநூறு எழுத்துப் பெயர் குடத்துக்குள் அடங்காமல் சேவை விழுந்தது. அடுத்த நாள், மைனஸ் நாலு என்பது ஒன்றுக்கு முந்தியது என்று அந்த வீட்டுக் குடத்தை ஒவ்வொரு தடவையும் வரிசையின் முதலில் கொண்டுபோய் வைத்தது. அந்த வீட்டுக்காரர்களே வந்து, “எங்களுக்கு ஓசிச் சலுகை வேண்டாமுங்க” என்று புகார் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் வயசானவர்களுக்கு முன்னுரிமை என்ற கணக்கு, நூற்றுத் தொண்ணூற்றொன்பதைப் பார்த்து மிரண்டு நின்றது. ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார்கள். நாலாம் நாள் ஊரே அமுக்கியது, பதினொரு ஊரும் அமுக்கியது, சேவை விழாமல் நின்றது. போதாதென்று கோகிலவாணி எழுந்துபோய் சர்வரின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினாள். சுதர்சனம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். திரும்பச் செருகியபோது எல்லாக் குடமும் வைத்த இடத்திலேயே இருந்தது.

பதினேழு வண்டி ஒரு வீட்டுக்குப் போவது நின்றதும் இன்னொன்றும் தெரிந்தது. இத்தனை நாள் குறைந்த தண்ணீரை டெஸ்ட் தெரு குடிக்கவில்லை. இரண்டு தடவை அமுக்கிய வீடுகளில் இரண்டு தடவை ஊற்றியிருந்தார்கள். அதில் பழனாத்தாளின் அண்ணன் வீடும் ஒன்று. பழனாத்தாள் அன்று முகம் கழுவிவிட்டு, நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சுதர்சனம் முப்பது கட்டத்தில் டிக் போட்டு முடித்தார். பேக்கப் இருந்தது. சேவை விழுந்தால் கீழே மோட்டார் கடையில் மணி அடித்தது. பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சேவை ஏற்காது. ஒரு வரிதான் பாக்கி.

“பாஸ்வேர்ட்” என்றார்.

“வரியப் படிங்க” என்றாள் கோகிலவாணி. “சரிபார்க்க முடியாத என்ட்ரின்னுதான போட்டிருக்குது? சரிபார்த்துக்குங்க.”

ஜன்னலுக்குக் கீழே தெரு நிறைந்திருந்தது. பழனாத்தாள் முன்னால் நின்றாள். “டெஸ்ட் ஆளுங்களா? அப்படி இங்க யாரும் இல்லீங்களே! இந்த நூத்தித் தொண்ணூத்தொம்பது எங்கூட்டு ஆளு, எழுதிக்குங்க, கல்லுக்குழித் தெரு, ஏழாம் நம்பரு!” கட்டில் கடைக்காரர் நாலு பேரைத் தன் வீட்டுக் கதவு எண்ணில் எழுதச் சொன்னார். தறிக்காரர்கள் எழுதச் சொன்னார்கள். மயில்சாமி, கெட்ட வார்த்தையோடுதான், அவசரக்காரரைத் தன் வீட்டில் எழுதச் சொன்னார். ஒவ்வொருவராக மாடி ஏறி வந்து, பக்கத்தில் ஆளை நிறுத்தி, கையெழுத்துப் போட்டார்கள். பிறந்த தேதியை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். பாதிப்பேர் ஆடியில் கேட்டார்கள், மழை வரும் என்று. வயசைக் குறைக்கச் சொன்னபோது நூற்றுத் தொண்ணூற்றொன்பது வயதுக்காரர் முடியாது என்றார். பெயரைச் சுருக்கச் சொன்னபோது இருநூறு எழுத்துக்காரி ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. அவர்கள் இறங்கி வரவில்லை, சேவைதான் விரிந்துகொடுத்தது. சுதர்சனம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் பட்டியல்தான் பெரிது. பட்டியல் சரியென்றால் அவருக்கும் சரி.

நாலரை மணிக்கு ஒரே ஒரு என்ட்ரி மிஞ்சியது. வீடு: கோகிலவாணியின் வீடு. பிறந்த தேதி: சித்திரை வெள்ளிக்கிழமை. பெயர்: காலி.

ஊரே பெயர் கொண்டு வந்தது. ஒருத்தி செத்துப்போன தன் நாத்தனார் பெயரை, ஒருவர் அம்மா பெயரை, கோயில்காரர்கள் அம்மன் பெயரை. சுதர்சனம்கூட, “தற்காலிகமா ஏதாவது ஒண்ணு போடுங்கம்மா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார்.

“இருந்தவீக பேரு இருந்தவீககிட்டயே இருக்கட்டுமுங்க” என்றாள் பெயர் இல்லாதவள். “மாத்திக்கற பேரும் வேண்டாம். மாத்தறவன் அழிப்பான்.”

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கி நடந்தாள். ஊர் பின்னால் போனது. பாத்திரக் கடைக்காரர் திண்டில் உட்கார்ந்து ஒரு கல்யாணத் தாம்பாளத்துக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் குடத்தை வாங்கி மடியில் சாய்த்து, மெஷினைக் கையில் எடுத்தார். மணி ஐந்தே முக்கால். மாடியில் கோகிலவாணி கீபோர்டு முன் உட்கார்ந்திருந்தாள். போன் காதில். மறுமுனையில் கடை வாசலில் மயில்சாமி நின்று, வெட்ட வெட்ட எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்வது என்று ஏற்பாடு.

“மேலாப்புல வெட்டறதுங்களா, ஆழமாவுங்களா?” என்றார் கடைக்காரர்.

“அழிக்க முடியாத மாதிரிங்க.”

“பேரு?”

அவள் சொன்னாள். மெஷின் பித்தளையில் இறங்கியது, சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. மயில்சாமி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, கோகிலவாணி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். கடைசி எழுத்து விழுந்தது, ஆறு மணி ஆனது. பட்டியலைப் பிடித்திருந்த சுதர்சனத்தின் கை முதல் வரிக்கு நேராகப் போய் டிக் போட்டது. கடை வாசலில் குடமும் இருந்தது, குடத்துக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையோடு அவளும் இருந்தாள்.

பதினொரு ஊரின் தண்ணி வண்டிச் சேவையைக் கடைசியில் சரிசெய்தவள் யார் என்று யாராவது கேட்டால், குடத்தைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்: பாவாயி.